மாதிரி ரயில் படம் சரியாக வரவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

மேசைமேல் ஓடும் ரயிலை நேரில் பார்க்கிற கண் தூசியையும் நிழலையும் பின்சுவரில் தொங்கும் காலண்டரையும் தானாகவே ஒதுக்கிவிடும். கேமரா எதையும் ஒதுக்காது. அதனால் படம் கெட்டதும் போனைக் குறை சொல்லத் தோன்றும். குறை கேமராவிலா, விளக்கிலா, லேஅவுட்டிலா (தண்டவாளம், வயல், ஸ்டேஷன் எல்லாம் சேர்ந்த மாதிரி அமைப்பு) என்று பிரித்த பிறகே எதிலும் கை வைக்க வேண்டும்.

பிரிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. ரயில் நிற்கும் இடத்தில் செய்தித்தாள் துண்டு ஒன்றை நிமிர்த்தி வைத்து, அதே கோணத்தில், அதே விளக்கில் எடுங்கள். எழுத்து மங்கியிருந்தால் ஃபோகஸ் அல்லது கை நடுக்கம். தாளின் வெள்ளை மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரிந்தால் விளக்கு. தாள் நன்றாக வந்து ரயில் மட்டும் சரியில்லை என்றால் வேலை லேஅவுட்டில்தான். புதுக் கேமரா வாங்கும் யோசனையை இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கீழே வரும் அளவுகள் எச்ஓ அளவுக்கு, அதாவது 1:87, தண்டவாள இடைவெளி 16.5 மிமீ. 'N' எனப்படும் சிறிய அளவில் (1:160, 9 மிமீ) கட்டியவர்கள் நீளம், உயரம், வேகம் எல்லாவற்றையும் கிட்டத்தட்டப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் படத்தில் பொம்மையாகவே தெரிகிறது

பத்தில் எட்டுப் படங்களுக்கு உள்ள நோய் இதுதான். நின்றபடியே, மேலிருந்து கீழ்நோக்கி எடுப்பதுதான் காரணம். நிஜ ரயிலை அந்தக் கோணத்தில் பார்க்க வேண்டுமென்றால் பத்து மாடிக் கட்டடத்துக்கும் மேலே நின்றாக வேண்டும். கும்பகோணம் ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருப்பவரின் கண் பிளாட்பாரத்திலிருந்து சுமார் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கும். 87 ஆல் வகுத்தால் 18 மிமீ. லென்ஸ் அந்த உயரத்துக்கு இறங்க வேண்டும்.

செல்போனில் லென்ஸ் மேல் மூலையில் இருப்பதால் நேராகப் பிடித்தால் இறங்காது. போனைத் தலைகீழாகத் திருப்பி, லென்ஸ் உள்ள விளிம்பைத் தரையில் ஊன்றுங்கள். பெரும்பாலான போன்களில் லென்ஸ் அப்போது 1 முதல் 2 செமீ உயரத்தில் நிற்கும். நமக்கு வேண்டியதும் அதுதான். படத்தைப் போனே நேராக்கிவிடும். சாய்த்து வைக்க, மணல் நிரப்பிய சின்னத் துணிப்பை போதும். அரிசிப் பை வேண்டாம். எறும்பு முதலில் வரும், எலி பிறகு வரும், எலி வந்தால் லேஅவுட்டுக்கு அடியில் ஓடும் ஒயரும் போகும்.

உயரம் சரியா என்று படத்திலேயே பார்க்கலாம். சமதரையில் நிற்கும் மனித உருவங்கள் அருகில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும் எல்லாருடைய கண்ணும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வர வேண்டும். அந்தக் கோடுதான் தொடுவானம். பின்திரையில் வரைந்த தொடுவானமும் அதே உயரத்தில் இருக்க வேண்டும். வரைந்த வயல் லென்ஸைவிட 10 செமீ மேலே முடிந்தால், தரை சுவரேறிப் போவது போலத் தெரியும்.

காவிரி டெல்டாவை மாதிரியாகக் கட்டுபவர்களுக்கு இங்கே தனிச் சிக்கல். கடையில் கிடைக்கும் பின்திரைப் படங்களில் மலை இருக்கும். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரைக்கும் ரயில் ஜன்னலில் மலை தெரியாது. வயல், தென்னை, பனை, ஒரு கோபுரம், அவ்வளவுதான். ஆகவே பின்திரையை நீங்களே வரைய வேண்டியிருக்கும். அப்படி வரையும்போது எல்லாரும் கோபுரத்தைப் பெரிதாக வரைந்துவிடுகிறார்கள். கணக்கு இது: உண்மை உயரத்தை உண்மைத் தூரத்தால் வகுத்து, கேமராவிலிருந்து பின்திரை இருக்கும் தூரத்தால் பெருக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் சுமார் 200 அடி, அதாவது 61 மீட்டர். இரண்டு கிலோமீட்டர் தள்ளித் தெரிவதாக வைத்து, பின்திரை 60 செமீ தூரத்தில் இருந்தால், வரைய வேண்டிய உயரம் 2 செமீகூட இல்லை. அரை கிலோமீட்டரில் நிற்கும் 15 மீட்டர் தென்னைக்கும் அதே உயரம்தான் வரும். தென்னை வரிசைக்கு நடுவில் விமானத்தின் உச்சி எட்டிப் பார்த்தால் அது டெல்டா. அதே விமானத்தை அளவு மாறாமல் செய்து தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நிறுத்துவதானால் 70 செமீ வேண்டும். ரயில் அதன் காலடியில் காணாமல் போய்விடும்.

கடைசியாக, போனில் அகலக் கோண லென்ஸைத் தொடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் இன்ஜின் மூக்கு பெருத்து, பின்பெட்டி சூம்பிவிடும். பின்னால் தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுப்பது மேல்.

இன்ஜின் தெளிவு, இரண்டாம் பெட்டியிலிருந்து மங்கல்

கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும்போது தெளிவாக விழும் ஆழம் குறைந்துவிடும். சென்னை ஐசிஎஃப் தொழிற்சாலையின் பயணிகள் பெட்டி ஒன்று நிஜத்தில் 21.3 மீட்டர், எச்ஓவில் 24.5 செமீ. இன்ஜினும் நாலு பெட்டியும் சேர்ந்தால் ஒரு மீட்டரைத் தாண்டும். அத்தனையும் ஒரே ஃபோகஸில் அடங்காது.

லென்ஸ் மாற்றும் கேமரா என்றால் அபெர்ச்சரை, அதாவது லென்ஸ் துளையை, எஃப் 11 அல்லது எஃப் 16க்குக் கொண்டுபோங்கள். எஃப் 22க்குப் போனால் ஆழம் கூடும், ஆனால் சின்னத் துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுக்கவே மெலிதாக மங்கும். துளை சுருங்கியதால் ஷட்டர் ஒரு விநாடி, இரண்டு விநாடி என்று நீளும். ட்ரைபாடும் இரண்டு விநாடி டைமரும் வேண்டும். ட்ரைபாட் காலை லேஅவுட் மேசையில் ஊன்றக் கூடாது; மாடி வீட்டில் யாராவது நடந்தால்கூட மேசை அதிரும்.

பெரும்பாலான செல்போன்களில் அபெர்ச்சரை மாற்ற முடியாது, ஆனால் சென்சார் சிறியது என்பதால் இயல்பிலேயே ஆழம் அதிகம். செய்ய வேண்டியது, அரை மீட்டர் பின்னால் போய் எடுத்து வெட்டிக்கொள்வது. 12 மெகாபிக்சல் படத்தில் பாதிக்கு மேல் வெட்டி எறிந்தாலும் போன் திரையில் பார்க்க மீதி தாராளம். போர்ட்ரெய்ட் மோடைக் கட்டாயம் அணையுங்கள். அது சிக்னல் கம்பத்தையும் தந்திக் கம்பியையும் பின்புலம் என்று நினைத்து அழித்துவிடும்.

முழு ரயிலும் தெளிவாக வந்தே ஆக வேண்டும் என்றால் அடுக்கு ஃபோகஸ்தான் வழி. கேமராவை அசைக்காமல், எக்ஸ்போஷரையும் வெள்ளைச் சமநிலையையும் பூட்டி, இன்ஜின் முகப்பில் தொடங்கிக் கடைசிப் பெட்டி வரை ஃபோகஸை மட்டும் நகர்த்தி 8 முதல் 12 படம் எடுங்கள். ஹெலிகான் ஃபோகஸ் போன்ற மென்பொருள் ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியை மட்டும் எடுத்துச் சேர்க்கும். கம்ப விளிம்பில் ஒளிவட்டம் போலத் தெரிந்தால் இரண்டு படங்களுக்கு இடையே ஃபோகஸ் அதிகமாகத் தாண்டியிருக்கிறது. அந்த இடத்தில் இரண்டு படம் கூடுதலாக எடுங்கள். நடுவில் மின்விசிறி ஓடக் கூடாது. காற்றில் நெற்பயிர் ஆடினால் ஒவ்வொரு தாளும் இரண்டு மூன்றாகத் தெரியும்.

வீடியோவில் கறுப்புப் பட்டை ஏறி இறங்குகிறது, வெளிச்சம் துடிக்கிறது

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் வைத்த டியூப்லைட்டும் மலிவான எல்இடி பல்பும் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டர் 1/60 அல்லது 1/120 என்று நின்றால் ஒவ்வொரு ஃபிரேமும் அந்தத் துடிப்பின் வெவ்வேறு பகுதியைப் பிடிக்கும். அதுதான் பட்டை.

அமைப்புகளை நாமே மாற்றும் புரோ மோடுக்குப் போய் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று பூட்டினால் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். புரோ மோட் இல்லாத போனில் கேமரா அமைப்பில் ஃபிளிக்கர் தடுப்பு 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். 60 இல் வைத்து வரும் போன்களும் உண்டு.

அப்படியும் போகவில்லை என்றால் டிம்மரைச் சந்தேகியுங்கள். எல்இடி பட்டையின் டிம்மர் வெளிச்சத்தைக் குறைப்பதே வேகமாக அணைத்து ஏற்றித்தான். அதை முழு வெளிச்சத்தில் வைத்துவிட்டு, கூடுதல் வெளிச்சத்தை வெள்ளைத் துணியால் மறைத்துக் குறையுங்கள்.

ஸ்லோமோஷனுக்கு இந்த மருந்து கேட்காது. விநாடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும்போது ஷட்டர் 1/100 ஆக இருக்கவே முடியாது. 12 வோல்ட் எல்இடி பட்டையை நேராக பேட்டரியில் கொடுங்கள். துடிப்பே இல்லாத வெளிச்சம் கிடைக்கும். ஸ்கூட்டர் பேட்டரி போதும், ஒயரில் ஒரு ஃபியூஸ் போட்டு.

வயல் பிளாஸ்டிக் பச்சையாகத் தெரிகிறது

இதில் போனுக்குப் பாதிப் பங்கு, நமக்குப் பாதி. போனின் ஏஐ காட்சி அமைப்பு பச்சையைக் கண்டதும் அதை ஏற்றிவிடும். முதலில் அதை அணையுங்கள். அடுத்து விளக்கு. ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம், வார்ம் ஒயிட் பல்பு இன்னொரு பக்கம் என்றால் எந்தக் கேமராவும் இரண்டையும் ஒன்றாகச் சரிசெய்யாது. ஜன்னலை மூடி, எல்லா பல்பையும் ஒரே நிறத்துக்கு மாற்றுங்கள். அட்டையில் கூல் டேலைட், 6500 கெல்வின் என்று இருப்பது எங்கும் கிடைக்கும். நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்பதற்கான சிஆர்ஐ எண் 90க்கு மேல் உள்ளதாகக் கிடைத்தால் சிவப்புப் பெட்டியின் நிறமும் சரியாக வரும்.

இதற்குப் பிறகும் வயல் கண்ணைக் குத்தினால் புல்லை மாற்ற வேண்டும். பாக்கெட்டில் வரும் ஸ்டாட்டிக் புல் (தூவி ஒட்டும் செயற்கை இழை) ஒரே பச்சையாக இருக்கும். எந்த நடவு வயலும் அப்படி இருக்காது. நாற்றங்கால் மஞ்சள் கலந்த இளம்பச்சை. அதற்கு 2 மிமீ இழை. நட்டுத் தூர்கட்டும் பயிருக்கு 4 முதல் 6 மிமீ. இளம்பச்சை இரண்டு பங்கு, ஒலிவப் பச்சை ஒரு பங்கு, வைக்கோல் நிறம் ஒரு பங்கு என்று கலந்து தூவுங்கள். கதிர் முற்றிய சம்பா ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் என்றால் 12 மிமீ இழை. நிறத்தில் வைக்கோல் முக்கால் பங்கு. வரிசை நடவு காட்ட 2 மிமீக்கு ஒரு கோடு பசை இழுத்துத் தூவலாம், பொறுமை இருந்தால். முன்வரிசை வயலுக்கு மட்டும் செய்தால் போதும், பின்னால் இருப்பதைக் கேமரா பார்க்காது. குறுவை அறுவடையையும் சம்பா நாற்றையும் அடுத்தடுத்த வயலில் வைத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஐப்பசியில் ஊரே அப்படித்தான் கிடக்கும்.

இன்ஜின் விளக்கு தெரிந்ததும் படம் இருண்டுபோகிறது, அல்லது ஃபோகஸ் தடுமாறுகிறது

திரையில் ரயில் வந்து சேரும் இடத்தை விரலால் அழுத்திப் பிடியுங்கள். ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தை அரை ஸ்டாப் (கேமராவின் வெளிச்ச அளவில் அரைப் படி) குறையுங்கள். கறுப்பு நீராவி இன்ஜின் என்றால் குறைக்க வேண்டாம், சக்கரமெல்லாம் கரித்துண்டாகிவிடும்.

ரயில் திக்கித் திக்கி ஓடுகிறது

நேரில் பார்க்கும்போது தெரியாத திணறல் வீடியோவில் பளிச்சென்று தெரியும். காரணம் பெரும்பாலும் மின்தொடர்புதான். அது எங்கே அறுகிறது என்பதுதான் கேள்வி.

ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் திக்கினால் தண்டவாளம். இடம் மாறி மாறித் திக்கினால் இன்ஜின் சக்கரம். கன்ட்ரோலரிலிருந்து தூரம் போகப் போக வேகம் குறைந்தால் மின்னழுத்தம் விழுகிறது.

தண்டவாளத்தை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் துடையுங்கள். துணியில் கறுப்பு ஒட்டுவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். கொரோனா காலத்து சானிடைசர் பாட்டில் மிச்சம் இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். அதில் உள்ள கிளிசரின் தண்டவாளத்தில் படலமாகத் தங்கும். உப்புத்தாள் அதைவிட மோசம். அது போடும் கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகத் தங்கும். சக்கரத்துக்கு, ஆல்கஹாலில் நனைத்த டிஷ்யூவைத் தண்டவாளத்தின்மேல் விரித்து, இன்ஜினின் முன்சக்கரங்களை அதன்மேலும் பின்சக்கரங்களை வெறும் தண்டவாளத்திலும் வைத்து, கையால் பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுங்கள். பிறகு முன்பின்னாக மாற்றி வையுங்கள். ஆல்கஹால் பக்கத்தில் பற்றவைப்புக் கம்பியோ ஊதுவத்தியோ இருக்கக் கூடாது.

மின்னழுத்தம் விழுந்தால் தண்டவாள இணைப்புத் தகடுகளை நம்பாமல், மீட்டருக்கு ஒன்றாகத் தண்டவாளத்தில் ஒயர் பற்றவைத்து, அடியில் ஓடும் தடித்த மெயின் ஒயரில் சேருங்கள். நாகப்பட்டினம், காரைக்கால், வேளாங்கண்ணிப் பக்கம் உப்புக்காற்றில் இந்தத் தகடுகள் சீக்கிரம் தொடர்பை இழக்கும். உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களைவிட அங்கே இது அவசியம்.

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மட்டும் திக்கல் வந்து, சித்திரையில் தானே சரியாகிவிட்டால் பலகை ஊறியிருக்கிறது. சாதாரண எம்ஆர் பிளைவுட் ஈரத்தில் உப்பி மூட்டுகளை மேலே தூக்கும். ஐஎஸ் 710 (மரைன் தரம்) முத்திரை உள்ள பிளைவுட் வாங்குங்கள். அடிப்பக்கமும் வெட்டிய விளிம்பும் சேர்த்து இரண்டு கோட் பெயின்ட் அடியுங்கள். மேல்பக்கம் மட்டும் அடித்தால் பலகை வளையும். தண்டவாள மூட்டில் போஸ்ட்கார்டு கனத்துக்கு இடைவெளி விடுங்கள்.

வண்டி பறக்கிறது

மணிக்கு 60 கிமீ என்பது எச்ஓவில் விநாடிக்கு 19 செமீ. ஒரு மீட்டரைக் கடக்க 5 விநாடிக்கு மேல் ஆக வேண்டும். ஸ்கேலும் கடிகாரமும் வைத்துப் பாருங்கள். பெரும்பாலான வீடியோக்களில் பாசஞ்சர் வண்டி 150க்கு மேல் போகிறது. ஸ்டேஷனுக்குள் நுழையும் வண்டிக்கு விநாடிக்கு 8 முதல் 10 செமீ போதும். அந்த வேகத்தில் இன்ஜின் திணறினால், 60 ஃபிரேமில் எடுத்து 30 இல் ஓடவிட்டுப் பாதியாக்கலாம். உடன் நடமாடும் மனிதர் யாரும் படத்தில் இல்லை என்பதால் யாருக்கும் தெரியாது.

ரயில் சத்தத்துக்குப் பதில் தகரம் தட்டும் சத்தம்

மெல்லிய பலகை மோட்டார் அதிர்வை வாங்கிப் பெரிதாக்குகிறது. தண்டவாளத்துக்கு அடியில் 3 மிமீ கார்க் அல்லது ஈவிஏ ஃபோம் வையுங்கள். ஜல்லியை ஃபெவிகால் கரைசலில் ஒட்டும்போது பசை கார்க்கைத் தாண்டிப் பலகையில் இறுகினால் பலன் பாதியாகும். கன்ட்ரோலர் இன்வெர்ட்டரில் ஓடும்போது ரீங்காரம் கேட்டால் அது சதுர அலை இன்வெர்ட்டர். மின்சாரம் வந்த பிறகு எடுங்கள். மின்விசிறியை நிறுத்தாமல் எடுத்த ஒலியைப் பிறகு சுத்தம் செய்ய முயல்வது வீண்வேலை. நிஜ ஸ்டேஷன் ஒலியைத் தனியாகப் பதிந்து சேர்ப்பவர்கள் டீசலுக்கு நீராவி விசிலைப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

வானத்தில் ரயிலின் நிழல், ஆற்றில் டியூப்லைட்

பின்திரை ரயிலுக்கு மிக அருகில் இருக்கிறது. 30 செமீயாவது தள்ளுங்கள், விளக்கை முன்னால் உயரத்துக்கு ஏற்றுங்கள். ஒவ்வொரு கம்பத்துக்கும் இரண்டு நிழல் விழுந்தால் ஒரு விளக்கை மட்டும் வலுவாக வைத்து, மற்றதன்மேல் வெள்ளைத் துணி போடுங்கள். ரெசினில் செய்த வாய்க்காலில் டியூப்லைட் தெரிந்தால் விளக்கைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். போலரைசர் ஃபில்டரை முன்னால் பிடித்துச் சுழற்றினாலும் குறையும். முழுக்கப் போகவிடாதீர்கள், தண்ணீர் சிமென்ட் தரையாகிவிடும்.

முன்னாலிருந்து எடுத்தால் தண்டவாளம் ஒடுங்கித் தெரிகிறது

இது கேமராவின் குறை அல்ல. நம் அகலப்பாதை 1676 மிமீ, எச்ஓவில் 19.3 மிமீ வர வேண்டும். 16.5 மிமீ தண்டவாளத்தில் ஓட்டினால் கிட்டத்தட்ட 3 மிமீ குறைவு. நேர் முகப்பைத் தவிர்த்து, முகப்பும் பக்கமும் சேர்ந்து தெரியும் முக்கால் கோணத்தில் எடுத்தால் தெரியாது. மீட்டர்கேஜ் கட்டுபவர்களுக்கு இந்தக் கவலை குறைவு: 1000 மிமீக்கு 11.5 வர வேண்டும், கடையில் 12 மிமீ பாதை கிடைக்கிறது. மயிலாடுதுறை–தரங்கம்பாடிப் பழைய பாதை, ஒய்பி நீராவி இன்ஜின் என்று செய்வதற்கு அதுவே பொருத்தம். ஒரு எச்சரிக்கை: மீட்டர்கேஜில் மின்கம்பி சென்னையிலிருந்து விழுப்புரம் வரைதான் இருந்தது. அதற்குத் தெற்கே மீட்டர்கேஜ் வண்டிமேல் கம்பி தெரிந்தால், எவ்வளவு நல்ல படமானாலும் பேச்சு கம்பியைப் பற்றியே போகும்.

போனில் நன்றாக இருந்தது, அனுப்பியதும் கெட்டுப்போனது

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும். ஆவணமாக அனுப்புங்கள், எடுத்தபடியே போகும். அதோடு எடுத்த இடத்தின் விவரமும் போகும். விலையுயர்ந்த இன்ஜின்கள் உள்ள வீடு என்றால் கேமராவில் இடக்குறிப்பை முன்பே அணைத்துவிடுங்கள்.

ஜல்லியும் புல்லும் நிறைந்த வீடியோ சதுரம் சதுரமாக உடைந்தால், கேமரா நகர்ந்ததுதான் காரணம். நகரும்போது ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒவ்வொரு கல்லும் புதிது, சுருக்கும் மென்பொருள் திணறும். கேமராவை நிறுத்தி ரயிலை ஓடவிடுங்கள். யூடியூபில் 1080 வீடியோவை 1440க்குப் பெரிதாக்கி ஏற்றினால் நுணுக்கம் கூடுதலாகத் தங்கும். ஐபோன் வீடியோ எதிராளியின் பழைய போனில் திறக்கவில்லை என்றால், கேமரா அமைப்பில் வடிவத்தை எல்லாவற்றிலும் திறக்கும் வகைக்கு மாற்றுங்கள். தொகுக்கும்போது ஒலி மெல்ல மெல்லப் பின்தங்கினால் போன் ஃபிரேம் எண்ணிக்கையை ஏற்றி இறக்கிப் பதிந்திருக்கிறது. ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் நிலையான ஃபிரேமுக்கு மாற்றிய பிறகு தொகுங்கள்.

எல்லாப் படமும் புகை படிந்தது போல இருக்கிறது

போன் என்றால் லென்ஸில் விரல் எண்ணெய். கண்ணாடி துடைக்கும் துணியால் துடைத்தால் முடிந்தது. ஏசி அறையிலிருந்து கேமராவை எடுத்து வந்த உடனே என்றால் நீராவி படிந்திருக்கிறது. துடைக்காதீர்கள், பையை மூடியே வைத்து அரைமணி நேரம் விடுங்கள். இரண்டும் இல்லை என்றால் லென்ஸைக் கழற்றிப் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளைத்திருந்தால் பூஞ்சை. கண்ணாடிக்கு உள்ளே இருப்பதால் வெளியே துடைத்துப் பயனில்லை. பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள், அதுவரை மற்ற லென்ஸ்களோடு சேர்த்து வைக்காதீர்கள். மீதி லென்ஸ்களை ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு, ஈரப்பதமானி ஒன்றையும் உள்ளே வையுங்கள். 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். நிறம் மாறும் வகை ஜெல் என்றால் நிறம் மாறியதும் வெறும் வாணலியில் சிறுதீயில் வறுத்து, ஆறிய பிறகு திரும்பப் போடலாம். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது.